மூடாவிலிருந்து பெடுவுக்குப் போகும் தண்ணீர்: கோலகெட்டிலில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் இருக்கிறது எங்கள் கோலகெட்டில். தோட்டத்து வாய்க்கால், பண்டு (தண்ணீரைத் தடுக்கும் மண்கரை), தண்ணீர்க் கதவு இவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அதனால் ஆறு ஏறினாலும் கேள்வி என்னிடம் வருகிறது, இறங்கினாலும் வருகிறது. கோயில் வாசலில், தே தாரிக் கடையில், வாட்சாப்பில் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். மேலே சொன்னதைக் கீழே மறுபடி சொல்லவில்லை, ஆகவே வரிசையாகப் படித்தால் நல்லது.

மூடா டேம், பெடு டேம்னு ரெண்டு பேரு சொல்றாங்க. ரெண்டும் ஒண்ணுதானே அண்ணே?

இல்லை. வேறு வேறு ஆறு, வேறு வேறு அணை. மூடா அணை நம் ஊரைத் தொட்டுக்கொண்டு போகிற அதே சுங்கை மூடாவின் ('சுங்கை' என்றால் மலாயில் ஆறு) தலைப்பகுதியில், உலு மூடா காட்டில் இருக்கிறது. பெடு அணை அதற்கு வடக்கே, பாடாங் தெராப் பக்கம், சுங்கை பெடுவில் இருக்கிறது. உலக வங்கிக் கடனில் இரண்டையும் ஒரே திட்டமாகக் கட்டி 1969-இல் முடித்தார்கள். மறு வருடம், 1970-இல், இவற்றையும் கீழே உள்ள வயல்களையும் கவனிக்க 'மாடா' என்கிற மூடா வேளாண் மேம்பாட்டு வாரியத்தை அமைத்தார்கள். 1989-இல் அஹ்னிங் என்று மூன்றாவது அணையும் சேர்ந்தது.

இரண்டையும் ஒன்று என்று நினைப்பதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. மூடா ஏரியில் சேரும் தண்ணீர் மலைக்கு அடியில் ஒரு சுரங்க வழியாகப் பெடு ஏரிக்குப் போகிறது. மூடா பிடித்துக் கொடுக்கிறது, பெடு சேர்த்து வைக்கிறது. திரும்பி வருகிற வழி கிடையாது.

அப்ப எதுக்கு ரெண்டு? பெருசா ஒண்ணே ஒண்ணு கட்டியிருக்கலாமே?

இதற்குப் பதில் நான்கு எண்களில் இருக்கிறது. மூடா அணைக்கு மேலே மழை பெய்து வடியும் நிலம் 984 சதுர கிலோமீட்டர். ஆனால் அந்த ஏரி கொள்வது வெறும் 160 மில்லியன் கன மீட்டர். பெடுவில் தலைகீழ்: மழை வடியும் நிலம் 171 சதுர கிலோமீட்டர்தான், ஏரியோ ஆயிரம் மில்லியன் கன மீட்டருக்கு மேல் கொள்ளும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு பெருமழைக்குப் பிறகு, நிலம் குடித்தது போக, பத்து சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் ஓடிவந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். மூடாவுக்கு அது 98 மில்லியன் கன மீட்டர், அதாவது ஏரியில் பாதிக்கு மேல். இன்னொரு மழை வந்தால் நிரம்பி வழியும். அதே மழை பெடுவுக்குக் கொடுப்பது 17 மில்லியன். அவ்வளவு பெரிய ஏரியில் அது நூற்றில் இரண்டு பங்குகூட இல்லை. பெடு தன் சொந்த மழையை மட்டும் நம்பியிருந்தால் நிரம்ப ஆறு மீட்டருக்கு மேல் ஓடுநீர் வேண்டும். இந்த வட்டாரத்தில் ஒரு வருடம் பெய்யும் மழையே இரண்டு, இரண்டரை மீட்டர். அதில் பெரும்பகுதியைக் காடு குடித்துவிடும்.

மழை ஓர் இடத்தில், பள்ளத்தாக்கு இன்னோர் இடத்தில். நல்ல பள்ளத்தாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் பெரிய ஏரி கட்ட முடியும். அதனால்தான் இரண்டு.

நடுவுல இருக்கிறது கால்வாயா, பைப்பா? போய்ப் பார்க்கலாமா?

சாயோங் சுரங்கம் என்று பெயர். மலையைக் குடைந்து போட்டது, நீளம் ஆறரை கிலோமீட்டருக்குச் சற்று மேல். பம்ப் எதுவும் இல்லை. மூடா ஏரியின் நிறை மட்டம் பெடுவைவிடக் கொஞ்சம் உயரம், தண்ணீர் தானாக இறங்கிப் போகிறது. ஐம்பது வருடம் தாண்டியும் மின்கட்டணம் இல்லாமல் ஓடுகிறது என்றால் அந்தச் சின்ன உயர வித்தியாசம்தான் காரணம்.

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தப் பக்கம் ஒரு வாய், அந்தப் பக்கம் ஒரு வாய், நடுவில் மலை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் பெடு ஏரிக்கே போங்கள்.

குருண் ரோட்டோரமா நேரா ஒரு பெரிய தாலி ஆயர் ஓடுதே, அதுவா?

தாலி ஆயர் என்றால் மலாயில் கால்வாய். அது வான் மாட் சமான் கால்வாய். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், கெடாவின் முதலமைச்சராக இருந்த வான் முகமது சமான், அலோர் ஸ்டாரிலிருந்து ஜெராய் மலையடிவரை வெட்டியது. சதுப்பு நிலத்தை வடித்து வயலாக்கியது அதன் முக்கிய வேலை. அணைக்கும் அணைக்கும் நடுவே தண்ணீர் கொண்டுபோவதோடு அதற்குச் சம்பந்தம் இல்லை.

மாமா, இது ஊர்ல பெரியாறு டேம் கதை மாதிரியே இருக்கே?

தேனி, மதுரைப் பக்கத்துச் சொந்தம் உள்ளவர்கள் எல்லாரும் இதைக் கேட்கிறார்கள். சரியாகத்தான் கேட்கிறார்கள். 1895-இல் பென்னிகுயிக் முடித்த பெரியாறு அணையில், மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த தண்ணீரை மலைக்குள் சுரங்கம் போட்டு, கிழக்கே வைகைப் படுகைக்குத் திருப்பினார்கள். இங்கேயும் அதே வேலை. மூடா ஆற்றோடு கோலமூடாவில் கடலைச் சேர வேண்டிய தண்ணீர், சுரங்கத்தில் புகுந்து, கெடா ஆற்றுப் படுகைக்கு மாறுகிறது. ஓர் ஆற்றின் நீர் இன்னோர் ஆற்றுக்குப் போகிறது என்றாலே, பழைய ஆற்றின் கீழே இருப்பவர் 'என் பங்கு என்ன' என்று கேட்பார். அங்கே ஒரு விதமாகக் கேட்கிறார்கள், இங்கே வேறு விதமாக. பினாங்கு பற்றிய கேள்வியில் அதற்கு வருகிறேன்.

அந்தத் தண்ணி கடைசியா எங்கதான் போகுது? நமக்கு ஒரு சொட்டாவது வருமா?

பெடுவில் சேர்ந்த தண்ணீரை வேண்டும்போது ஆற்றில் திறந்துவிடுகிறார்கள். அது சுங்கை பாடாங் தெராப் வழியாக இறங்கி, பெலுபாங் தடுப்பணைக்கு வந்து, அங்கிருந்து கால்வாய்களில் பிரிந்து, அலோர் ஸ்டாரைச் சுற்றியுள்ள சமவெளிக்கும் பக்கத்து மாநிலமான பெர்லிஸின் ஒரு பகுதிக்கும் போகிறது. சுமார் 96,000 ஹெக்டர் வயல். நாட்டின் நெல்லில் ஐந்தில் இரண்டு பங்கு அங்கே விளைகிறது என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. நெல் இரண்டு போகம். முதல் போகம் வறட்சியின் வாலைப் பிடித்துக்கொண்டு தொடங்குவதால் அணைத் தண்ணீர் இல்லாமல் முடியாது.

மொத்தத்தில் அந்த வயல்களுக்குப் பாதித் தண்ணீர் நேராக மேலே விழும் மழைதான். அணைகள் கொடுப்பது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். மிச்சம் ஆற்றின் இயல்பான ஓட்டமும், வடிந்ததைப் பம்ப் செய்து திரும்பப் பாய்ச்சுவதும்.

நம் ஊருக்கு ஒரு சொட்டும் வராது. சோற்றுப் பானை வழியாக வருவதைக் கணக்கில் சேர்த்தால் வேறு விஷயம்.

நம்ம ஊரு முங்கும்போது பெடு பாதி காலியா கிடக்குதுங்கிறாங்க. இந்தத் தண்ணிய அங்க தள்ளிவிட்டா ரெண்டு பேருக்கும் நல்லதுதானே?

இந்தப் பக்கத்தை எழுத வைத்த கேள்வியே இதுதான். கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும்.

முதலில், நம் வெள்ளம் எங்கிருந்து வருகிறது? கோலகெட்டில் என்ற பெயரே சொல்கிறது, சுங்கை கெட்டில் வந்து சுங்கை மூடாவில் விழும் இடம். கெட்டில் ஆறு பாலிங் மலைகளிலிருந்து வருகிறது. 2022 ஜூலை 4-ஆம் தேதி பாலிங் பக்கத்துக் கூப்பாங்கில் மலைவெள்ளம் அடித்து மூன்று பேர் இறந்தது நினைவிருக்கும். இனாஸ் மலையிலிருந்து மரமும் சேறுமாக இறங்கிய அந்தத் தண்ணீர் சேர்வது கெட்டிலில்தான். கெட்டில் ஆற்றில் மூடா, பெடு மாதிரி அணையே கிடையாது. மூடா அணையும் சாயோங் சுரங்கமும் இருப்பது இங்கிருந்து வெகு மேலே, வேறு ஆற்றின் தலையில். அங்கே எதைத் திறந்தாலும் மூடினாலும் கெட்டிலில் வரும் தண்ணீர் குறையாது.

இரண்டாவது, மூடா ஆற்றையே எடுத்துக்கொண்டாலும், அதன் மொத்த வடிநிலம் 4,200 சதுர கிலோமீட்டர் அளவில். மூடா அணை பிடிப்பது அதில் 984, நாலில் ஒரு பங்குகூட இல்லை. சிக் பக்கம் 2004-இல் முடிந்த பெரிஸ் அணையைச் சேர்த்தாலும் நாலில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டும். மிச்சம் மூன்று பங்கு நிலத்தில் விழும் மழை எந்த அணையையும் பார்க்காமல் நேரே ஆற்றுக்கு வருகிறது.

மூன்றாவது, சுரங்கத்தின் வாய் எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் போகும். ஒரு பேச்சுக்கு, விநாடிக்கு 50 கன மீட்டர் போகும் வழி ஒன்று இருக்கிறது என்று வையுங்கள். ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 4.3 மில்லியன் கன மீட்டர்தான். மேலே கணக்குப் போட்டோமே, ஒரு மழையில் 98 மில்லியன் என்று, அதைக் கடத்த மூன்று வாரத்துக்கு மேல் ஆகும். வெள்ளமோ இரண்டு மூன்று நாளில் வந்து போய்விடும். ஆக, இப்படிப்பட்ட வழிகள் வெள்ளம் வரும் நேரத்தில் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவிலுள்ள நாட்களில் ஏரியை மெல்ல இறக்கி, அடுத்ததைப் பிடிக்க இடம் ஒழித்து வைக்கின்றன. வெள்ளத்தில் அவை செய்யும் உதவி அந்த அளவுதான்.

சரி, இங்கேயே பெரிய பம்ப்பா வச்சு ஏத்திட்டா?

ஏற்றலாம், பில் யார் கட்டுவது? பெடு ஏரியின் மட்டம் கடலிலிருந்து நூறு மீட்டருக்கு அருகில். நம் ஊர் ஆற்றிலிருந்து 80 மீட்டர் ஏற்றுவதாக வைத்துக்கொண்டால், விநாடிக்கு 50 கன மீட்டருக்கே 50 மெகாவாட் மின்சாரம் வேண்டும், நாளொன்றுக்கு 1.2 மில்லியன் யூனிட். வெள்ளத்தில் ஆற்றில் ஓடுவது அதைப்போலப் பல மடங்கு. அந்த பம்ப்புகள் வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடும், மற்ற நாளெல்லாம் துருப்பிடிக்கும். சேறும் மரமும் கலந்த வெள்ளத் தண்ணீரை உறிஞ்சும் பம்ப்பின் ஆயுசு எவ்வளவு என்பதைத் தோட்டத்தில் பம்ப் வீட்டில் வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டேமைத் திறந்துவிட்டதாலதான் வெள்ளம்னு வாட்சாப்ல வந்துச்சே?

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இந்தச் செய்தி வரும். சில வருடம் அதே குரல் பதிவு, தேதி மட்டும் புதிது.

அணை நிரம்பியபின் வருகிற தண்ணீர் வழிந்துதான் ஆகும், தடுத்து நிறுத்த முடியாது. ஆனால் அணை இல்லாதிருந்தால் அந்தத் தண்ணீர் அதற்கு முன்பே, அதைவிட வேகமாக நம்மிடம் வந்திருக்கும். நிரம்பிய ஏரிகூட, தண்ணீர் அதன் மேல் பரவிப் போவதால், உச்சத்தைக் கொஞ்சம் தாழ்த்தி, கொஞ்சம் தாமதித்து அனுப்பும். சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு: பெருமழை வரப்போகிறது என்று தெரிந்தும் ஏரியை நிறைத்தே வைத்திருந்தார்களா என்பது. அது நியாயமான கேள்வி. அதைக் கேட்க வேண்டுமென்றால் வெள்ளத்துக்கு முந்தைய இரண்டு வாரத்து ஏரி மட்டத்தைப் பார்க்க வேண்டும், வெள்ளத்தன்று வந்த குரல் பதிவை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. அதோடு, வந்தது கெட்டில் தண்ணீரா மூடா தண்ணீரா என்பதையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

எங்க தாமான்ல தூறல்கூட இல்ல. அப்புறம் எப்படி அடுப்படிவரைக்கும் தண்ணி வந்துச்சு?

இதை என் வேலையிலேயே காட்டிவிடலாம். தோட்டத்து வடிகால் ஆற்றில் சேரும் இடத்தில் பண்டுக்கு அடியில் ஒரு குழாய், அதன் ஆற்றுப்பக்க வாயில் ஒரு கனத்த இரும்புத் தட்டு, மேலே கீல். உள்ளே தண்ணீர் உயர்ந்தால் தட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். ஆறு உயர்ந்தால் ஆற்றின் அழுத்தமே தட்டை மூடிவிடும். கதவு மூடியபின் தோட்டத்தில் விழும் மழைக்குப் போக வழியில்லை, உள்ளேயே ஏறும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வடிகால்களும் பெரும்பாலும் அதே வாய்க்காலில்தான் சேருகின்றன. இன்னொன்று, ஒரு செம்பனை மட்டை வந்து தட்டுக்கு நடுவே சிக்கினால் போதும், கதவு முழுதாக மூடாது. ஆற்றுத் தண்ணீர் பின்வழியாக உள்ளே வரும். மழைக்கு முன் மட்டை பொறுக்குவதற்கென்றே ஆள் அனுப்புவது இதற்காகத்தான்.

ஆற்றிலும் இதே கதைதான். மூடா ஆறு உயர்ந்து நின்றால் கெட்டிலுக்கு இறங்க இடமில்லாமல் பின்னுக்கு ஏறும். பாலிங்கில் நேற்றுப் பெய்தது இன்று நம் வீட்டுக்கு வருவதும், இங்கே வெயில் அடிக்கும்போதே வருவதும் அதனால்தான்.

ஜெனியாங்ல புதுசா கால்வாய் திட்டமாமே. அது வந்தா வெள்ளம் நின்னுடுமா?

ஜெனியாங் திட்டம் பல வருடங்களாகப் பேசப்படுவது. சுங்கை மூடாவின் நடுப்பகுதியில் ஜெனியாங்கில் ஒரு தடுப்பணை. மழைக்காலத்தில் ஆற்றில் கூடுதலாக ஓடும் தண்ணீரை அங்கிருந்து கால்வாயில் திருப்பி, நாவோக்கில் ஒரு நீர்த்தேக்கத்தில் சேர்த்து, மாடா வயல்களின் தெற்குப் பகுதிக்குக் கொடுப்பது. சாயோங் சுரங்கம் ஆற்றின் தலையில் செய்வதை இது நடுவில் செய்யும். பெரிஸ், ஜெனெரி பக்கத்துக் கிளை ஆறுகளின் தண்ணீர் மூடா அணைக்குக் கீழே சேருவதால் சுரங்கத்துக்கு எட்டாது. அதற்குத்தான் இரண்டாவது வழி.

வெள்ளம் நிற்குமா என்றால், நிற்காது. ஜெனியாங் நமக்கு மேலே இருக்கிறது, அது உண்மை. ஆனால் கெட்டில் சேருவது ஜெனியாங்குக்குக் கீழே. கால்வாயின் அளவு பற்றி மேலே சொன்ன கணக்கு இதற்கும் பொருந்தும். மூடா ஆறு ஒரு அடி, அரை அடி தாழ்ந்தால் கெட்டில் கொஞ்சம் சுலபமாக இறங்கும். அந்த அளவு எதிர்பார்க்கலாம். இது நெல்லுக்காகப் போட்ட திட்டம். வெள்ளத் தடுப்பு என்று யாராவது மேடையில் சொன்னால், எந்த மட்டத்தில் எத்தனை சென்டிமீட்டர் குறையும் என்று கேளுங்கள்.

வெள்ளத்துக்காகவே செய்த வேலை வேறு. 2003 அக்டோபரில் சுங்கை மூடா கரைபுரண்டு பல்லாயிரம் பேர் வீட்டை விட்டுப் போனபின், ஆற்றின் கீழ்ப்பகுதியை அகலப்படுத்திப் பண்டு போட்டார்கள். அது தண்ணீரைக் கடலுக்குச் சீக்கிரம் அனுப்பும் வேலை, சேமிக்கும் வேலை இல்லை.

வெயில் காலத்துல அந்தக் கால்வாய் நம்ம ஆத்த உறிஞ்சி எடுத்துடாதா?

நல்ல கேள்வி. என்னைக் கேட்டால் வெள்ளத்தைவிட இதைத்தான் அதிகம் கேட்க வேண்டும்.

'மிகைநீர் மட்டும் எடுப்போம்' என்று சொல்வது சுலபம். எது மிகை? ஆற்றில் கீழே இருப்பவருக்கு வேண்டியதெல்லாம் போக மிஞ்சுவதுதான் மிகை. மூடா ஆற்றில் கீழே வேண்டியவை: கெடாவின் குடிநீர் நிலையங்கள், பினாங்கின் குடிநீர், கரையோர வயல்கள், கடைசியாக ஆற்றுமுகத்தில் உப்புத் தண்ணீரை எதிர்த்து நிற்கும் ஓட்டம். ஆறு மெலிந்தால் கடல் உள்ளே ஏறும். அதைத் தடுக்கத்தான் முகத்துவாரத்துக்கு அருகே தடுப்பணை வைத்திருக்கிறார்கள். இவ்வளவையும் கூட்டி ஒரு எண் வைத்து, ஆறு அந்த எண்ணுக்கு மேல் ஓடும்போது மட்டும் கதவைத் திறப்பது என்று விதி இருந்தால் வறட்சியில் கால்வாய் காய்ந்து கிடக்கும், நம் ஆறு பிழைக்கும். அந்த எண் எழுத்தில் இருக்க வேண்டும், ஆற்றின் அளவு நாள்தோறும் வெளியே தெரிய வேண்டும். இல்லையென்றால் வறட்சியில் நெல்லா குடிநீரா என்று வரும்போது யார் குரல் பெரிதோ அவர் பக்கம் தண்ணீர் போகும்.

பெரிஸ் அணையின் வேலை இங்கேதான் வருகிறது. மழைக்காலத்தில் பிடித்து வைத்து, ஆறு மெலியும்போது மூடாவில் விடுவதற்கென்றே கட்டியது. சுரங்கம் எடுத்துக்கொள்ளும் ஆற்றுக்குப் பெரிஸ் திருப்பிக் கொடுக்கிறது என்று சொல்லலாம். ஆனால் அது 120 மில்லியன் கன மீட்டரை ஒட்டிய சின்ன ஏரி. நீண்ட வறட்சிக்குத் தாங்காது.

பினாங்குக்காரங்க நம்ம தண்ணிய ஓசியில எடுக்கிறாங்களாமே?

பினாங்கு தன் கச்சா நீரில் ஐந்தில் நாலு பங்குக்கு மேல் சுங்கை மூடாவிலிருந்து எடுக்கிறது. லஹார் தியாங்கில் எடுத்து, சுங்கை டுவா நிலையத்தில் சுத்திகரிக்கிறார்கள். ஆறு கீழே இரு மாநிலத்துக்கும் எல்லையாக ஓடுகிறது, எங்கள் கரையில் நாங்கள் எடுக்கிறோம் என்பது அவர்கள் வாதம். தண்ணீரைக் கொடுக்கும் காடு எங்களுடையது, அதை வெட்டாமல் காப்பதற்கு எங்களுக்குப் பணம் வர வேண்டும் என்பது கெடாவின் வாதம்.

இரண்டு பக்கமும் பேசாத ஒரு பங்காளி நடுவில் இருக்கிறார்: கோலகெட்டில், சிடாம், பினாங் துங்கால் என்று ஆற்றங்கரையில் இருக்கிற நாம். வறட்சியில் ஆற்றைப் பங்கு போடும்போது மேலே நெல், கீழே பினாங்கு, நடுவில் யாரும் இல்லை என்கிற மாதிரி பேச்சு போகிறது. எனக்கு இதில்தான் வருத்தம், பினாங்குக்காரர் குடிப்பதில் இல்லை. அங்கே நம் பிள்ளைகள் பாதிப் பேர் வேலை பார்க்கிறார்கள்.

மரத்த வெட்டுனா தண்ணி அதிகமா ஓடி வருமாம், டேம் சீக்கிரம் நெறையுமாம். நெசமா?

பாதி நிஜம். காடு குடிக்கும் தண்ணீர் மிச்சமாவதால் கொஞ்ச காலம் ஓடுநீர் கூடும். ஆனால் எப்போது கூடுகிறது என்பதில்தான் விஷயம். மழை பெய்த உடனே மொத்தமாக வரும். மழையில்லாத மாதங்களில் ஊற்றாகக் கசிந்து வருவது குறையும். மொத்தமாக வருவதை 160 மில்லியன் ஏரி பிடிக்காது, சுரங்கமும் அவசரத்துக்குக் கடத்தாது. வழிந்து நம் பக்கம்தான் வரும். கூடவே மண்ணும் வரும். மூடா போன்ற சின்ன ஏரியில் அடியில் படியும் ஒவ்வொரு அடி சேறும் தண்ணீருக்கான இடத்தைத் தின்கிறது, ஏரியைத் தூர்வாருவது நம் வாய்க்காலைத் தூர்வாருவது போல அல்ல. உலு மூடாவின் சுமார் 1,60,000 ஹெக்டர் காடு இந்த மூன்று அணைக்கும் பெரிஸுக்கும் மழை வாங்கிக் கொடுக்கிறது. சுரங்கம், கால்வாய், தடுப்பணை எல்லாம் வந்த தண்ணீரை இடம் மாற்றும் ஏற்பாடு மட்டுமே.

மழையே பொய்ச்சுப் போனா இந்த ஏற்பாடெல்லாம் எதுக்கு?

2016 ஏப்ரலில் எல் நினோ வெயில் தாங்காமல் கெடா, பெர்லிஸ் பள்ளிகளை மூடினார்கள். அந்த மாதிரி வருடத்தில் மூடா முதலில் வற்றும், ஏனென்றால் அது சின்னது, மேலும் தன்னிடம் வந்ததைப் பெடுவுக்குக் கொடுத்துவிட்டது. 'மூடா அணை இத்தனை விழுக்காடு' என்று செய்தியில் பார்த்துப் பயப்படுகிறவர்கள் பெடுவையும் சேர்த்துப் பாருங்கள். முந்தைய செப்டம்பர், அக்டோபர், நவம்பரில் நல்ல மழை பெய்து அது பெடுவில் சேர்ந்திருந்தால் ஜனவரி முதல் மார்ச்வரை வண்டி ஓடும். இரண்டு வருடம் தொடர்ந்து பொய்த்தால் ஓடாது. அப்போது நெல் நடவைத் தள்ளிப்போடுவதும் செயற்கை மழைக்கு விமானம் அனுப்புவதும்தான் நடக்கும்.

வெள்ளம் வருதா இல்லையான்னு தெரிஞ்சுக்க நான் எந்த டேமைப் பாக்கணும்?

எந்த டேமையும் பார்க்க வேண்டாம், ஆற்றைப் பாருங்கள். வடிகால் நீர்ப்பாசனத் துறையின் 'இன்ஃபோ பஞ்ஜிர்' பக்கத்தில் ஆற்று மட்டம் அவ்வப்போது வருகிறது. ஒவ்வொரு நிலையத்துக்கும் நோர்மல் (இயல்பு), வஸ்படா (விழிப்பு), அமாரான் (எச்சரிக்கை), பஹாயா (ஆபத்து) என்று நாலு கட்டம். நம் ஊருக்கு இரண்டு திசையையும் பார்க்க வேண்டும்: சுங்கை கெட்டிலுக்குப் பாலிங் பக்கத்து நிலையங்கள், சுங்கை மூடாவுக்கு ஜெனியாங். எண்ணைவிட அது எந்த வேகத்தில் ஏறுகிறது என்பது முக்கியம். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு ஏறியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பாலிங் ஏறுகிறது, ஜெனியாங் சும்மா இருக்கிறது என்றால், தண்ணீர் வரும், ஆனால் வடிந்துவிடும். இரண்டும் சேர்ந்து ஏறினால் காரை மேட்டில் நிறுத்துங்கள், பிறப்புப் பத்திரம், ஐசி (அடையாள அட்டை), மருந்து இவற்றைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மேலே வையுங்கள், மாமியாரைச் சாயங்காலமே கூட்டிக்கொண்டு போய்விடுங்கள். ராத்திரியில் பாலத்துக்குப் போய் டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கத்தைத் தம்பிமார்கள் விட்டுவிட்டால் எனக்கும் தூக்கம் வரும்.